மேஸ்திரி வந்த பிறகு

அந்த நாட்களில் காலையில் என்னை எழுப்பியது ஒரு மிஸ்டு கால். இரண்டு முறை மணியடிக்கும், நின்றுவிடும். நான் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, திரும்பக் கூப்பிடுவேன். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லாமல் மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல் வரும்.

"பாய், குழா பேசல."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். அந்த அழைப்பு வராத நாட்களில் சாயங்காலம் வரை என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர் "எங்க?" என்பார், டீக்கடைக்காரர் "சக்கரை கம்மியா?" என்பார். அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் அதைக் கேட்பார்கள். என்னைத்தான் வேண்டும் என்று கூப்பிட்டது அந்தக் குரல் ஒன்றுதான்.

நான் செங்கல்பட்டில் பஜாருக்குப் பின்தெருவில் எங்கள் குடும்ப வீட்டின் மாடியில் இருந்தேன். கீழ்த்தளத்தை ஒரு பாத்திரக் கடைக்காரர் கிடங்காக வைத்திருந்தார். அண்ணன்மார் இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே ஊன்றிவிட்டார்கள். பெருநாளுக்குப் பெருநாள் போன் வரும். உம்மா இருந்தவரை எனக்கு நிக்காஹ் பேச்சு இரண்டு மூன்று முறை வந்து போனது. அவர் மவுத்தான பிறகு பேச்சும் நின்றுபோனது. கம்ப்யூட்டர் படித்த பையன், நல்ல வேலைக்குப் போவான் என்று ஊரில் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்த வேலை எது என்று யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. அண்ணன் ஒருமுறை போனில் கேட்டுவிட்டு, "அப்ப ரேடியோ மெக்கானிக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடல் ஊருக்குள் புகுந்துவிட்டுப் போன பிறகு எங்கள் கரையில் நிறைய அறக்கட்டளைகள் முளைத்தன. அதில் ஒன்றில்தான் எனக்கு வேலை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கடையின் மாடியில் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று, அதற்கு ஒரு யுபிஎஸ், ஒரு வயர்லெஸ் செட், நான். அந்தக் கம்ப்யூட்டரைத்தான் சர்வர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பொறுப்பாளர் மேடம் சென்னையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். கீழே நாள் முழுக்க உளிச் சத்தம். அங்கே பத்துப் பேர் ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு வேலை செய்வார்கள். மேலே இருக்கிற எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும் கேட்கும், என்ன பேச்சு என்பது கேட்காது.

வேலை இதுதான். இணையத்தில் தினமும் கடல் நிலை அறிக்கை வரும். நான் எழுதிய நிரல் ஒன்று அதை எடுத்துப் படித்து, அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று பிரித்து, அதைப் பேச்சாக மாற்றி வயர்லெஸ் வழியாக அனுப்பும். நெம்மேலிக்குச் சற்று வடக்கே ஒரு குப்பத்தில் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை விடியற்காலையில் சொல்லும். கல்யாண வீட்டில் கட்டுவார்களே, அதே குழாய்தான்.

பேச்சு என்னுடையது. வேறு யாரைக் கூப்பிட்டுப் பேசவைப்பது? போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, மாடி அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பதிவு செய்தேன். கடல். அலை. காற்று. வடகிழக்கு. ஒன்று, இரண்டு, அரை, மீட்டர். போகலாம். போக வேண்டாம். நிரல் அந்தச் சொற்களைக் கோத்து வாக்கியமாக்கிக்கொள்ளும். முதல் வாரமே குப்பத்திலிருந்து கருத்து வந்துவிட்டது.

"துக்கம் சொல்ல வந்தவன் மாதிரி பேசறியே பாய். கொஞ்சம் தெம்பாதான் பேசேன்."

அப்படிச் சொன்னது அந்த அக்காதான். கம்பம் அவர் வீட்டு வாசலில் நட்டிருந்ததால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் அவர் பொறுப்பில் இருந்தது. கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்பவர். வீட்டுக்காரரும் தம்பியும் ஃபைபர் படகில் போகிறவர்கள். நான் பார்த்ததில்லை, குரலை வைத்து என்னைவிடச் சற்று மூத்தவர் என்று நினைத்து அக்கா என்றேன். அவர் எல்லோரையும் நீ என்பவர், அதில் எனக்கு மட்டும் விலக்கு இல்லை. மிஸ்டு கால் முறையை ஏற்படுத்தியதும் அவர்தான். இரண்டு மணி அடித்தால் குழாய் ஊமை என்று அர்த்தம். நான் கூப்பிட வேண்டும்.

என் நிரல் அடிக்கடி செத்துப்போகும். அதை நான் எழுதியதால் சொல்கிறேன், அது அவ்வளவு திறமான நிரல் இல்லை. அறிக்கையில் எங்காவது ஒரு கோடு கூடுதலாக இருந்தால் போதும், சுருண்டு விழுந்துவிடும். விழுந்ததை யாரிடமும் சொல்லாது. விடியற்காலையில் குழாய் பேசவில்லை என்றால்தான் தெரியும். அக்கா மணியடிப்பார். நான் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் வழியாக ஆபீஸ் சர்வரைக் கூப்பிடுவேன். மோடம் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும் உள்ளே போய் நிரலைத் திரும்ப ஓடவிடுவேன். அதுவரை அக்கா போனை வைக்க மாட்டார்.

"வந்துச்சாக்கா?"

"இரு, கொரகொரன்னுது. ஆங், வந்துச்சு. உன் கொரலு."

பிறகு வைத்துவிட வேண்டியதுதானே? வைக்க மாட்டார். நாஸ்தா ஆச்சா என்பார். நேற்று வஞ்சிரமே கண்ணில் படவில்லை என்பார். தம்பி பெண்டாட்டி பேசுகிற பேச்சு, மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன கதை, கருவாட்டைக் காக்காய் தூக்கியது. பின்னால் அலைச் சத்தம் கேட்கும், யாரோ யாரையோ திட்டும் சத்தம் கேட்கும். நான் "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இருந்தாலும் வைக்க மனம் வராது. போன் பில்லைப் பார்த்து மேடம் ஒருமுறை புருவத்தைத் தூக்கினார், தொழில்நுட்ப உதவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒருநாள் மேடம் வந்து, வேலையை விரிவாக்கப்போகிறோம், இன்னும் சில குப்பங்களில் கம்பம் நடுகிறோம் என்றார். அப்படியே பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"இது நின்னா நீங்கதான் போய் எழுப்பணும்னு சொல்றீங்க. நீங்க ஊருக்குப் போயிட்டா?"

"எனக்கு ஊர் இதுதான் மேடம்."

"சரி, உடம்பு சரியில்லாம போனா?"

அவர் கேட்டது நியாயம். குழாய் பேசாத ஒரு காலையில் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்றால், யார் என்னை எழுப்புவது? கடலுக்குப் போகிறவன் அந்தக் குரலை நம்பித்தானே படகைத் தள்ளுகிறான்? செய்கிறேன் என்றேன். எப்படிச் செய்வது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. நிரல்களை மேய்க்கிற நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேறு வேலை கிடையாது. நாம் காட்டிவிடுகிற நிரல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். செத்து விழுந்தால் அடுத்த நொடி இன்னொன்றை எழுப்பி நிறுத்தும். கட்டட வேலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, யார் உட்கார்ந்தாலும் அதட்டி எழுப்புகிற ஆளைப் போல. அதனால் நான் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். மேஸ்திரியே செத்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் முதலில் ஓடத் தொடங்குகிற நிரல் ஒன்று இருக்கிறது, அது மேஸ்திரியைப் பார்த்துக்கொள்ளும். அந்த முதல் நிரல் நின்றுபோனால் கம்ப்யூட்டரே இல்லை.

மேஸ்திரி சின்னக் கோப்புதான், மெதுவான இணையத்திலும் சீக்கிரம் இறங்கிவிட்டது. ஆனால் கம்பைல் ஆகவில்லை, அதாவது ஓடுகிற நிரலாக மாறவில்லை. ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் துப்பியது. நான் இணையத்தில் ஒரு மடலாடற்குழுவில் என் அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி எழுதிப் போட்டேன். மறுநாள் முகம் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார். புது லினக்ஸில் அப்படித்தான் வரும், இந்தக் கோப்பில் இந்த ஒரு வரியைச் சேருங்கள் என்று. சேர்த்தேன், ஆகிவிட்டது. பதிலின் கடைசியில் அவர், "சரியாகிவிட்டதா என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். சரியாகிவிட்டது என்று எழுதினேன். எழுதிவிட்டு, இன்னும் ஏதாவது கேட்பாரா என்று இரண்டு நாள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். எதற்குக் கேட்கப்போகிறார்?

பிறகு கட்டமைக்கிற வேலை. மேஸ்திரிக்கு ஒரு கோப்புறை திறந்து வைக்க வேண்டும். அதற்குள் ஓட்டு என்று கட்டளை எழுதிய ஒரு சின்னக் கோப்பு. அந்தக் கோப்பை ஓட்டலாம் என்று அனுமதி கொடுக்க வேண்டும், அதை மறந்தால் மேஸ்திரி முறைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இன்னொரு கோப்புறை, என்னென்ன நடந்தது என்று பதிவு எழுத. எல்லாம் செய்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடுக்கிவிட்டேன். நிலவரம் கேட்டேன். ஓடுகிறது என்றது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

டீ கைக்கு வரவில்லை, போன் அடித்தது. இரண்டு மணி அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. மறுபடியும். நான் கூப்பிட்டேன். அக்காவின் குரலுக்கு முன்னால் வேறொரு சத்தம் காதை அடைத்தது. கூட்டமாகப் பல பேர் கத்துகிற சத்தம்.

"இன்னா பாய் பண்ணிகினு கீறே? நூறு பேரா பேசறியே. குப்பத்து நாய்ங்க எல்லாம் கம்பத்த சுத்தி நின்னுகினு கொலைக்குது. கொயந்தைங்கோ வீல் வீல்னு அழுவுது."

உற்றுக் கேட்டேன். அத்தனையும் நான். ஒரு நான் கடல் என்று தொடங்கும்போது இன்னொரு நான் காற்றுக்குப் போயிருந்தது, வேறொன்று அரை மீட்டர் என்றது, நாலைந்து பேர் சேர்ந்து போகலாம் போகலாம் என்று கூவினோம். டீயை வாங்காமலே மாடிக்கு ஓடினேன்.

தவறு என்னுடையதே. என் நிரலை எழுதியபோது, தொடங்கியதும் திரைக்குப் பின்னால் நழுவிப் போய் ஓடிக்கொண்டிரு என்று அதைப் பழக்கியிருந்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். ஆனால் மேஸ்திரிக்குக் கண்ணுக்கு எதிரே நிற்கிற ஆள்தான் வேண்டும். நிரல் பின்னால் நழுவியதும், ஆள் செத்தான் என்று மேஸ்திரி முடிவுகட்டி அடுத்ததை எழுப்பியது. அதுவும் நழுவியது. நொடிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் எழுந்ததும் அன்றைய அறிக்கையைச் சொல்லும்படி வேறு நான் எழுதி வைத்திருந்தேன். முதலில் மேஸ்திரியை நிறுத்தி, ஒரே கட்டளையில் அத்தனை பேரையும் கொன்று, பின்னால் நழுவச் சொல்கிற அந்த வரியை அழித்தேன். திரும்ப முடுக்கினேன். போனில் அக்கா இருந்தார்.

"இப்ப?"

"இப்ப ஒர்த்தன்தான் பேசறான்." சிரித்தார். "ஒரு பாயே பேஜாரு. நூறு பாய வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

நானும் சிரித்தேன். போனோடு படிக்கட்டுக்கு வந்து நின்று தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கீழே உளிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

அதுதான் அக்காவோடு பேசிய கடைசிப் பேச்சு என்று ஆகிவிடும் போலிருந்தது.

மேஸ்திரி வேலையைச் சுத்தமாகச் செய்தது. மறுநாள் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விழிப்பு மட்டும் பழக்கத்தில் வந்துவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆபீசுக்குப் போய்ப் பதிவைப் படித்தால், விடியற்காலையில் நிரல் செத்தது என்று ஒரு வரி, எழுந்தது என்று அடுத்த வரி. செத்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் அந்த இரண்டு வரிக்கு நடுவில் அக்காவும் நானும் இருந்தோம். காக்காய் தூக்கிய கருவாடு இருந்தது.

நாமே கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று கேட்கலாம். போனை எடுப்பேன். என்னவென்று சொல்வது? குழாய் பேசுகிறதா என்று கேட்டால் பேசுகிறது என்பார். அதோடு தீர்ந்தது. காரணமில்லாமல் குடும்பப் பெண்ணொருத்திக்கு ஓர் ஆண் போன் செய்வது அவ்வளவு அழகாக இல்லை என்றும் தோன்றும். எடுத்த போனை வைத்துவிடுவேன்.

புதிய குப்பங்களிலும் கம்பம் நட்டாகிவிட்டது. அங்கெல்லாம் என் குரல் போனது, என் நம்பர் போகவில்லை. தேவையில்லையே. மேடம் வந்து, ரொம்ப நல்லா போகுது என்று பாராட்டினார். எனக்கு அந்த மேஜையை உதைக்க வேண்டும் போலிருந்தது.

மழை விட்ட சமயத்தில் ஊரெல்லாம் மூட்டுக் காய்ச்சல் பரவியது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில்கூடப் படுக்க இடமில்லை என்றார்கள். எனக்கும் வந்தது. காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றினேன், கத்திவிட்டேன். கணுக்காலும் முழங்காலும் என்னுடையவை இல்லை போல இருந்தன. மாடிப்படி இறங்குவது நடக்காத காரியம். குடத்தில் தண்ணீர் இருந்தது, ஒரு பாக்கெட் ரொட்டி இருந்தது, காய்ச்சல் மாத்திரை கொஞ்சம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய் வருவதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிடும். மேடத்துக்கு, உடம்பு சரியில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். ஓய்வெடுங்கள், இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. அதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் ஆபீசில் இருந்தது. வீட்டு டெலிபோன் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அக்காவின் நம்பர் அணைந்த போனுக்குள் இருந்தது, வேறு யாருமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நான் வராததை யாராவது கவனித்து விசாரிப்பார்கள் என்று ஒரு நப்பாசை. அந்த வாரம் பாதித் தெருவே படுத்திருந்தது. பள்ளிவாசலில் வரிசையே நிரம்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் என் இடத்தை யார் எண்ணிப் பார்ப்பது? கீழே கிடங்குக்கு ஆட்கள் வந்து பாத்திரம் இறக்கினார்கள். அண்டா உருளுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், என் குரல் அந்தச் சத்தத்தைத் தாண்டவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

விடியும் நேரம் வரும்போதெல்லாம் தானாகக் கண் திறக்கும். இப்போது குப்பத்தில் நான் பேசிக்கொண்டிருப்பேன் என்று தெரியும். தெம்பாக, அக்கா சொல்லித் திரும்பப் பதிவு செய்த அந்தக் குரலில், கடல் அமைதி, காற்று வடகிழக்கு, போகலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இங்கே நாக்கு வறண்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்குப் புரண்டு படுக்க முடியாமல் கிடப்பேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு நான் விழுந்திருந்தால் குழாய் ஊமையாகியிருக்கும். அக்கா மணியடித்திருப்பார், நான் எடுக்காவிட்டால் ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது நான் இந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாலும் அங்கே என் குரல் ஒருநாள் கூடத் தவறாது. செத்தால் எழுப்பிவிட மேஸ்திரி இருக்கிறது, ஆனால் அதற்கு நிரலைத்தான் தெரியும். என்னைத் தெரியாது. அந்த ஏற்பாட்டை என் கையாலேயே செய்து முடித்திருந்தேன். பயந்துபோனேன். பெரிய ஆள் என்று வெட்கப்படாமல் அழுதேன். கேட்க ஆள் இருந்தால்தானே வெட்கம்.

காய்ச்சல் தானாக இறங்கியது. மூட்டு வலி மட்டும் போகவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற அளவுக்கு ஆனதும், தெருமுனைக்குப் போய் இரண்டு கிளாஸ் கஞ்சி குடித்தேன். இன்னும் சில நாளில் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்தவன் ஆபீசுக்குப் போகவில்லை. அங்கிருந்து நெம்மேலிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபியூஸுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குப்பத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கம்பம் நட்டது, ஆம்ப்ளிஃபயர் வைத்தது எல்லாம் வேறு ஆட்கள். மணலில் காலை இழுத்து இழுத்து நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வலைக்குப் போனார்கள். எவனோ வழி தவறி வந்தவன். ஒரு டீக்கடை இருந்தது, நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ஆம்ப்ளிஃபயர் பெட்டி வெச்சிருக்கிற அக்கா வீடு எதுங்க?"

டீ ஆற்றிய கை நின்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார்கள். குழாய் சும்மா இருந்தது. பிறகு மெதுவாகத் தலையை இறக்கி என்னைப் பார்த்தார்கள்.

"அட, குழா பாய்," என்றார் ஒருவர்.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் வந்தார். நான் நினைத்ததைவிட இளையவர். என்னைவிடவே இளையவராக இருக்கலாம். அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இனி மாற்ற முடியாது.

"இன்னா பாய் இப்டி துரும்பா கீறே? கொரலு மட்டும் காள மாதிரி கேக்குது."

காய்ச்சலில் கிடந்தேன் என்றேன். எப்போது என்றார். சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கெல்லாம் தெனம் பேசிகினுதான இருந்தே?"

"அது நான் இல்லக்கா. முன்னாடி பேசிப் பதிஞ்சு வெச்சது. மெஷின் எடுத்துக் கோத்துச் சொல்லுது."

"அது தெரியும். ஆனா அத ஓட்டறவன் நீதான? நீ ஒக்காந்து ஓட்டிகினு கீறேன்னுதான் நாங்க நெனச்சிகினு இருந்தோம். கொரலு வருது, பாய் நல்லா கீறாருன்னு என் வூட்டுக்காரு கூட சொல்லுவாரு."

நான் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னேன். நின்றால் அதுவே எழுப்பிவிடும், நான் வேண்டியதில்லை என்று. இரண்டே வாக்கியத்தில் புரிந்துகொண்டார். முகம் மாறிவிட்டது.

"அப்ப நீ செத்துப் போயிருந்தாலும் அது பேசிகினே இருந்துருக்கும்."

"ஆமாக்கா."

"எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா."

வலைக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அக்கா என்னை ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிடுகிற வரை எதிரில் நின்றார். "நீ கூப்புடுவேன்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன்," என்றார் நடுவில். "குழா நல்லா பேசுது, சும்மா மணி அடிச்சு வேலைல கீற மனுசன தொந்தரவு பண்ணுவானேன்னு வுட்டுட்டேன்." காரம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன். ஃபியூஸைப் பார்க்கவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. திரும்பும் வழியில் ஆபீசில் ஏறிச் சார்ஜரை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் போன் அடித்தது. இரண்டு மணி, நின்றுவிட்டது.

மேஸ்திரி கைவிட்டதா? எழுந்து, வலிக்கிற காலோடு கம்ப்யூட்டரைப் போட்டு, மோடம் கத்தி முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். நிரல் ஓடுகிறது. மேஸ்திரியும் அசையாமல் நிற்கிறது. அறிக்கை போய்க்கொண்டிருக்கிறது. எல்லாம் சரி. குழாயில்தான் கோளாறாக இருக்கும், நேற்று ஃபியூஸைப் பார்த்திருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"குழா பேசலையாக்கா?"

"பேசுதே. நல்லா பேசுது."

"பின்ன எதுக்கு மணி அடிச்சீங்க?"

பின்னால் அலைச் சத்தம் கேட்டது. அதற்குள் என் குரல், கடலுக்குப் போகலாம் என்று முடித்துக்கொண்டிருந்தது.

"அது பேசறத நம்பி இன்னாத்த சொல்றது? நீ கீறியான்னு பாத்தேன். இனிமே தெனம் அடிப்பேன். நீ திருப்பிக் கூப்புடல, ஆளு அனுப்புவேன், ஆமா."

"இருக்கேன்க்கா," என்றேன். அன்று காலை எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.